அப்பா சொன்னதும் அம்மா சொன்னதும்

பிப்ரவரி 3, செவ்வாய்

குழாயடி வரிசையில் எங்கள் வீட்டுப் பச்சைக் குடம் மட்டும் தனியாக நின்றது. காலையில் முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

எங்கள் காம்பவுண்டில் லைன் வீடுகள் பத்து. எட்டு நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர். ஒவ்வொரு வீட்டுக் குடங்களும் ஒன்றாகச் சேர்ந்து வரிசையில் நிற்கும். பச்சைக் குடம் எங்கள் குடங்களோடு இல்லை. எல்லோருக்கும் கடைசியில் நின்றது. அப்பா கார்த்திகை மாதம் எதிர் வரிசையில் ஏழாம் நம்பர் அறைக்குப் போனார். இத்தனை நாளும் தண்ணீர் மட்டும் எங்களோடு சேர்ந்துதான் பிடித்தோம். இன்றிலிருந்து அதுவும் தனி.

"அப்பாவுக்கு ஏன் தனிக் குடம்?" என்று தங்கை மோனிஷா கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும்.

"அந்தக் குடம் பெருசு. நம்ம வரிசையில நிக்காது" என்றேன்.

வீட்டுக்காரப் பொன்னாத்தா அம்மா அதைக் கேட்டுவிட்டு, "நல்லாச் சொன்ன போ அம்மிணி" என்று சிரித்தார்.

பிப்ரவரி 5, வியாழன்

அம்மாவும் அப்பாவும் செப்டம்பரில் கோர்ட்டில் மனு போட்டார்கள். ஆறு மாதம் கழித்து இருவரும் மறுபடி போய், பிரிவதற்குச் சம்மதம் என்று சொல்ல வேண்டும். மார்ச் 20. அதுவரை பேசிக்கொள்வதில்லை என்று வைத்திருக்கிறார்கள் போல. பேச வேண்டியதை என்னிடம் சொல்வார்கள். நான் வாசலைத் தாண்டிப் போய் அடுத்தவரிடம் சொல்வேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது தாண்டுகிறேன்.

யாரிடமும் வாயைத் திறக்காத எனக்குப் போய் இந்த வேலை.

இன்று அப்பா, "குழம்பா அது? உப்ப அள்ளிக் கொட்டிருக்கா. இனிமே எனக்குச் சோறு குடுத்து விட வேணாம்னு உங்கம்மாட்டச் சொல்லு" என்றார்.

போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் வேலையில இருந்து அலுத்து வாரேன்னு இப்பத்தான் தெரியுதாக்கும் அந்த மனுசனுக்கு" என்றாள். திட்டவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

அருப்புக்கோட்டையிலிருந்து பால்பாண்டி மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். கூட நான்கு பேர். பஞ்சாயத்து பேசப் பாய் விரித்தார்கள். அதற்கு முன் பிரியாணி வாங்கச் சொன்னார்கள். தின்று முடித்ததும் மாமா கையைக் கழுவிவிட்டு, "மாப்ள, எந்திரிச்சு வாங்க. ஏ மாரீஸ்வரி, நீயும் வா. ரெண்டு பேரும் இந்தப் பாய்ல உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தார்கள்.

"பிள்ளைக மூஞ்சியப் பாருங்க."

பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மோனிஷா எலும்பைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதான். சேத்து வச்சாச்சு" என்றார் மாமா. அப்பாவின் தலையணையை அவரே ஏழாம் நம்பரிலிருந்து எடுத்து வந்து எங்கள் கட்டிலில் போட்டார். எல்லோரும் மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார்கள்.

நாலரைக்கு அப்பா தலையணையைத் தூக்கிக்கொண்டு ஏழாம் நம்பருக்கே போய்விட்டார். மாமாவின் பஸ் தாராபுரம் தாண்டியிருக்காது.

பிப்ரவரி 9, திங்கள்

தையல் கம்பெனியில் இன்று நான் முடித்த சட்டை 640. நூல் பிசிறு வெட்டி வெட்டிக் கட்டைவிரல் காய்த்துவிட்டது.

பிப்ரவரி 12, வியாழன்

செப்டம்பரில் கோர்ட்டில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, "பெரியவங்க நீங்க பிரியறதுன்னாலும் பிள்ளைகளையும் கூட்டிட்டு ஒரு கவுன்சலிங் போய்ட்டு வாங்க" என்று சொன்னார்களாம். அம்மா இன்றுதான் பேச்சுவாக்கில் சொன்னாள். "அதுக்கெல்லாம் எங்க போக, யாருட்டக் கேக்க" என்று விட்டுவிட்டாள்.

எனக்கு அந்த வார்த்தை நாள் முழுக்க மண்டைக்குள் இருந்தது. மதியச் சாப்பாட்டில் ரூபாவதி அக்காவிடம் கேட்டேன். அவர் எனக்குப் பக்கத்து மேசையில் செக்கிங். புருஷனைப் பிரிந்து நான்கு வருடம் ஆகிறது. அதை மறைக்க மாட்டார்.

"என்ன புள்ள, நீயாப் பேசுற! மழை வரும்" என்றார். "எனக்குக் கவுன்சலிங் குடுத்த ஒரு மேடம் இருந்தாங்க. ஃபோன் மாத்தினப்ப நம்பர் போயிடுச்சு. தேடித் தர்றேன்."

அவர் தேடும்வரை காத்திருக்க முடியவில்லை. பஸ்ஸில் வரும்போது மொபைல் கடை மாடியில் 'குடும்ப நல ஆலோசனை' என்று போர்டு பார்த்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மாடிக்குப் போனேன். உள்ளே ஒருவர் சட்டை போடாமல், மேலே பட்டுத் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா அப்பா ஜாதகம் கொண்டாந்தியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அம்மா நட்சத்திரம்?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"உன்னோடது?"

அதற்கும் ஆட்டினேன். எனக்குத் தெரியும். ஆனாலும் ஆட்டிவிட்டேன்.

"பேசமாட்டியா? உனக்குத்தாம்மா மொதல்ல தோஷம்" என்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடி வந்தேன். பாதிப் படியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிப்ரவரி 19, வியாழன்

அம்மா சொல்லி அனுப்பியது: "அந்தக் கிழிஞ்ச கோடு போட்ட சட்ட இங்கயே கெடக்கு. எடுத்துட்டுப் போறாரா, இல்ல அடுப்படித் துணியாக்கவான்னு கேளு."

போய்ச் சொன்னேன். அப்பா என்னை உட்காரச் சொன்னார். அவர் கட்டிங் மாஸ்டர். கையில் எப்போதும் சாக்கட்டித் தூள் ஒட்டியிருக்கும். அந்தக் கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். முகமெல்லாம் வெள்ளை.

"பாவம்டி உங்கம்மா" என்றார். பிறகு, "அந்தச் சட்ட அவகிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அவர் சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தேன். சந்தோஷமாக இல்லை.

பிப்ரவரி 21, சனி

அம்மா குழிப்பணியாரம் சுட்டு அப்பாவுக்குக் கொடுத்துவிட்டாள். சுடும்போது முகம் உம்மென்று இருந்தது. "ஒரு மனுசன் அம்புட்டுத் தூரம் எறங்கி வரும்போது நாம மட்டும் கல்லு மாதிரி இருக்க முடியுதா" என்றாள்.

அப்பா ஒன்றே ஒன்று தின்றார். மீதியை மோனிஷா தின்றாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

மாமா ஃபோன் செய்தார். அப்பாவும் அம்மாவும் தனித்தனியாக அவரிடம் சரி என்று சொல்லிவிட்டார்களாம். மார்ச் 15 அன்று அப்பா திரும்ப எங்கள் வீட்டுக்கு வருகிறார். 20ஆம் தேதி கோர்ட்டில் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

"அன்னைக்கு நல்ல நாளா மாமா?" என்று மோனிஷா ஃபோனில் கேட்டாள்.

"அன்னைக்குத்தான் எனக்கு லீவு போட முடிஞ்சுச்சு" என்றார் மாமா.

பிப்ரவரி 26, வியாழன்

துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். அம்மாவும் பொன்னாத்தா அம்மாவும் வத்தல் கிளறிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கு வேணாங்க்கா" என்றாள் அம்மா. "இந்த மூணு மாசந்தான் கத்தாம இருக்கேன். சின்னவ கட்டிலுக்கு அடியில போய் ஒளியாம இருக்கா. மறுபடி ஒரே வீட்டுல இருந்தா மூணாம் நாளே ஆரம்பிச்சிரும். ஆனா அந்த மனுசன் உருகிப்போய்க் கெடக்காரு. நான் வேணாம்னா என்ன ஆவாரோன்னு பயமா இருக்கு."

"அட, அவரப் பாத்தா உருகுன மாதிரி தெரியலீங்களே? நேத்துக்கூட ரேடியோப் பொட்டியப் போட்டுட்டு ஆடிட்டிருந்தாருங்."

"வெளிய அப்படித்தான். உள்ள உருகுறாரு. நாகஜோதி வந்து சொல்லுறாளே."

கிளிப்பு போடாமலே துணியைக் கொடியில் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

மாலையில் அப்பா கேட்டார்: "நான் அங்கிட்டு வரலன்னா உங்கம்மா தாங்குவாளா?"

அப்பா தலையை ஆட்டிக்கொண்டு, "தாங்க மாட்டா" என்று அவரே சொன்னார்.

இருவருக்கும் வேண்டாம். இருவரும் அடுத்தவருக்காகச் சேரப் போகிறார்கள். இது எப்படி வந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

ரூபாவதி அக்கா நம்பரைக் கண்டுபிடித்துவிட்டார். ஷம்ஷாத் மேடம். "கோவப்பட மாட்டாங்க, பயப்படாத" என்றார்.

மூன்று முறை ஃபோன் போட்டேன். "ஹலோ, சொல்லுங்க" என்று குரல் வந்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. வைத்துவிட்டேன்.

ஐந்து நிமிடம் கழித்து அந்த நம்பரிலிருந்தே எனக்கு ஃபோன் வந்தது.

"மூணு தடவ மூச்சு மட்டும் விட்டுட்டு வச்சது நீங்கதானாம்மா?"

"ஆமா" என்றேன்.

"அப்பாடா, பேச்சு வருது. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வர்றீங்களா? வர்றதா இருந்தா மறுபடி ஒரு ஆமா சொல்லுங்க."

"ஆமா" என்றேன்.

மார்ச் 1, ஞாயிறு

கோர்ட்டுக்குப் பின் தெருவில் ஒரு சின்ன அறை. மேசை கிடையாது. நான்கு நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. மேடம் மடியில் ஒரு முறம் வைத்துப் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு வீட்ல விருந்தாளி. பேசிட்டே உரிச்சிடலாம்னு தூக்கிட்டு வந்துட்டேன். தப்பா நினைக்காதீங்க" என்றார்.

நான் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் பேசச் சொல்லவே இல்லை. பாதிப் பட்டாணியை என் பக்கம் தள்ளினார்.

உரிக்க ஆரம்பித்தேன். கை வேலை செய்தால் எனக்குப் பேச்சு கொஞ்சம் வரும். கம்பெனியிலும் அப்படித்தான்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அங்கே சொன்ன பிறகு இங்கே எழுதாமல் இருப்பதில் அர்த்தமில்லை.

அம்மா உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறாள் என்று அப்பா சொன்னார். நான் அம்மாவிடம், "நீ அலுத்து வந்து ரெண்டு எடத்துக்கும் ஆக்க வேணாமாம்" என்று சொன்னேன். அம்மா கிழிந்த சட்டையை அடுப்படித் துணியாக்கவா என்றாள். நான் அப்பாவிடம், "அந்தச் சட்டையப் பாத்தா அம்மாவுக்குக் கண்ணு கலங்குதாம்" என்று சொன்னேன். கார்த்திகையிலிருந்து இப்படித்தான். ஒன்றைக்கூட உள்ளபடி சொன்னதில்லை. முதலில் கெட்ட வார்த்தையை மட்டும் எடுத்தேன். எடுத்த இடம் வெறுமையாக இருந்தது. அதனால் எதையாவது வைத்தேன்.

மேடம் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். எனக்குக் கோபமாகக்கூட வரவில்லை; அப்படி ஒரு சிரிப்பு.

"மன்னிச்சிருங்க. சேத்து வைங்கன்னு வருவாங்க. சீக்கிரம் பிரிச்சு விடுங்கன்னு வருவாங்க. எங்க அம்மா அப்பா தெரியாத்தனமா சேரப்போறாங்க, காப்பாத்துங்கன்னு யாரும் வந்ததில்ல."

"நீங்களே அவங்ககிட்டச் சொல்லிருவீங்களா?" என்றேன்.

"மாட்டேன். இன்னொருத்தர் சொன்னதா நான் ஒண்ணு சொன்னா, உங்க வேலைய நான் எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நீங்க எல்லாரும் எட்டாம் தேதி வாங்க. உங்களால சொல்ல முடியுதோ இல்லையோ, வாங்க."

மார்ச் 4, புதன்

மூன்று நாளாகத் தள்ளிப் போட்டேன். இன்று அம்மாவிடம் சொன்னேன்: "ஞாயித்துக்கிழம ஒரு மேடத்தப் பாக்கப் போகணும். நாலு பேரும். இது அப்பா சொல்லல. நான் சொல்லுறேன்."

அம்மா கையில் இருந்த மாவை அப்படியே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்பாவிடமும் அதையே சொன்னேன். "நீயா கேக்குற?" என்றார். "அப்பச் சரி" என்றார். எதற்கு, ஏன் என்று இருவரும் கேட்கவில்லை. நான் கேட்டு எதையாவது இல்லை என்று சொல்லியிருக்கிறார்களா என்று யோசித்தேன். நான் எதையும் கேட்டதே இல்லை.

மார்ச் 7, சனி

சாப்பிடப் பிடிக்கவில்லை. சட்டை 410 தான். சூப்பர்வைசர் முறைத்தார்.

மார்ச் 8, ஞாயிறு

பஸ்ஸில் அம்மா முன்னால், அப்பா பின்னால். நானும் மோனிஷாவும் நடுவில்.

மேடம் எல்லோருக்கும் டீ கொடுத்தார். "இங்க ஒரே ஒரு சட்டம். அவ சொன்னா, அவர் சொன்னார்னு பேசக்கூடாது. நான் இப்படி நினைக்கிறேன்னு மட்டும் பேசணும்" என்றார்.

அப்பா தொண்டையைச் செருமினார். "நான் திரும்ப வந்துர்றேன் மேடம். அவ என்னைய நெனச்சு அழறாளாம். அதுக்கு மேல நான் என்ன சொல்ல."

"யாரு அழுதா?" என்றாள் அம்மா.

"நீதான்."

"நானா?"

"சட்டையப் பாத்தாக் கண்ணு கலங்குதுன்னு சொல்லி விட்டேல்ல."

"கண்ணு கலங்குதா! அந்தக் கிழிசலத் தூக்கிட்டுப் போகலன்னா அடுப்படித் துணியாக்கிருவேன்னுல சொல்லி விட்டேன்!"

அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நான் கொழம்புல உப்புன்னு சொன்னது?"

"உப்பா? நான் அலுத்து வாரேன்னு நீங்க வருத்தப்பட்டதாவுல சொன்னா!"

இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "நான்தான் மாத்திச் சொன்னேன். எல்லாத்தையும்."

"எல்லாத்தையுமா?" என்றார் அப்பா. "அப்ப என் முட்டி வலிக்கு விளக்கெண்ணெ தேக்கச் சொன்னது?"

"அது நான்."

"பொங்கலுக்கு எனக்கு அந்தக் கலர் சேல நல்லாருக்குன்னு சொன்னது?" என்றாள் அம்மா.

"அதும் நான்தான்."

"அடிப்பாவி" என்றாள் அம்மா. "அந்தச் சேலய நாலு தடவ கட்டிட்டேன்டி."

முதலில் சிரித்தது அப்பாதான். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள், முடியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்ததே இல்லை. மோனிஷாவுக்கு எதற்கென்று தெரியாது. அவளும் சிரித்தாள். மேடம் அதற்கென்றே காத்திருந்தவர் போலச் சேர்ந்துகொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் அப்பா அம்மாவைப் பார்த்துக் கேட்டார். நேராகவே கேட்டார். "அப்ப ஒனக்கு வேணாமா?"

"ஒங்களுக்கு?"

"ஒனக்கு வேணும்னு நெனச்சுத்தான் நான்..."

"நானும் அப்படித்தான்."

அப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். பத்து நாளாக அவர் தோள் காதுவரை ஏறியிருந்ததை அது இறங்கிய பிறகுதான் கவனித்தேன். அம்மா கொஞ்சம் அழுதாள். ஆனால் அந்த முகத்தில் இரண்டு வாரமாக இருந்த உம் போய்விட்டது.

மேடம் என்னிடம் திரும்பினார். "நாகஜோதி, நீங்க என்ன நினைச்சு அப்படிச் செஞ்சீங்க?"

"சேரணும்னு நெனக்கல. சேந்து இருந்தா சண்டதான். ஒருத்தர ஒருத்தர் ஏசுறதக் கேக்க முடியல. அதச் சுமந்துட்டுப் போறப்ப எனக்கே என்னைய யாரோ வையுற மாதிரி இருந்துச்சு."

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுப் பேசுவாளா இவ?" என்றார் கடைசியில்.

"பேசுவா. நாமதான் ஒரே பேச்சா அவ வாயில அடைச்சு வச்சிருந்தோம்" என்றாள் அம்மா.

மேடம் அடுத்த ஒரு மணி நேரம் சின்னச் சின்ன விஷயங்களாகக் கேட்டார். மோனிஷாவைப் பள்ளிக்கூடத்தில் யார் விடுவது, காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது, ஞாயிறு யார் வீட்டில் சாப்பாடு. இருவரும் ஒருவருக்கொருவர் பதில் சொன்னார்கள். இரண்டு இடத்தில் குரல் உயர்ந்தது. மேடம் கையைத் தூக்கினார், இறங்கியது.

"அப்ப அப்பா வீட்டு டிவி எனக்கும் உண்டா?" என்றாள் மோனிஷா.

"உண்டு" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

சேரப் போவதில்லை என்று அப்பா மாமாவுக்கு அவரே ஃபோன் செய்து சொல்லிவிட்டார். மாமா கத்தியது வாசல் தாண்டி எங்களுக்கே கேட்டது. "அப்ப நான் போட்ட லீவு?"

"வாங்க மச்சான். பிரியாணி போடுறோம்" என்றார் அப்பா.

மார்ச் 15, ஞாயிறு

மாமா வந்தார். தனியாக வந்தார். அம்மா சமைத்தாள், அப்பா வெங்காயம் உரித்தார். அப்பா முதல் வாய் வைத்ததும், "மாரீஸ்வரி, உப்பு" என்றார். அம்மா, "ஆமா, கூடத்தான் போச்சு" என்றாள். மாமா இவர்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். "இவ்வளவு ஒத்துமையா எதுக்குய்யா பிரியுறீங்க?" என்றார். மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார்.

மார்ச் 18, புதன்

சட்டை 702. ரூபாவதி அக்காவுக்கு முழுக் கதையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் எழுந்து வந்துவிட்டார்.

மார்ச் 20, வெள்ளி

கோர்ட். பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். அம்மா, "சம்மதம்" என்றாள். அப்பா, "சம்மதம்" என்றார். இரண்டு பேர் குரலும் தெளிவாக இருந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். நல்ல வெயில். அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா பையில் எதையோ தேடினாள். இருவருக்கும் நடுவில் இரண்டடிகூட இல்லை.

"ஏ நாகு" என்றார் அப்பா. "உங்கம்மாட்டக் கேளு, நேரா வீட்டுக்குப் போறாளா, இல்ல ஓட்டல்ல சாப்பிட்டுப் போவோமான்னு."

அம்மா பையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

நான் மோனிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். கரும்புச் சாறு வண்டியில் நிறையக் கூட்டம். "அண்ணே, ரெண்டு!" என்று சத்தமாகச் சொன்னேன்.